உரிமைச் சங்கம் யாருக்காக? இந்திய மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வரலாறு தரும் பாடம்

கிராமமொன்றில் மரண உதவிச் சங்கமோ சிக்கனக் கடனுதவிச் சங்கமோ தொடங்கப்படும்போது அதன் நோக்கத்தைப் பற்றி எவரும் ஐயுறுவதில்லை. ஆனால் மக்களின் உரிமைகளைப் பாதுகாக்கவென ஒரு சங்கம் தோன்றினால் உடனே பல கேள்விகள் எழுகின்றன. இதை ஆரம்பித்தவர் யார்? அவருக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது? காசு எங்கிருந்து வருகிறது? பிடிபட்டவனுக்காகப் பேசுகிறார்களே, அவன் செய்த குற்றத்துக்கும் இவர்கள் உடந்தையா? கிராம மட்டக் கருத்தரங்குகளில் நாம் அடிக்கடி சந்திக்கும் கேள்விகள் இவை.

இக்கேள்விகளைக் கேட்பவர்களைக் குறைகூற முடியாது. பொதுமக்களின் பெயரால் பேசும் எந்த அமைப்பையும் விசாரித்து அறியும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. எனினும் ஓர் அமைப்பின் பிறப்பை மட்டும் விசாரித்தால் அதன் உண்மையான குணத்தை அறிந்துவிட முடியுமா என்பது சிந்திக்க வேண்டியதாகும். இதற்கு உதவியாக, அயல் நாடான இந்தியாவிலே 1976ஆம் ஆண்டு தோன்றிய மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். அதன் தோற்றத்தைப் பற்றியும் நோக்கத்தைப் பற்றியும் வெளியாரும் உள்ளே இருந்தவர்களும் பல ஆண்டுகளாக விவாதித்து வந்துள்ளனர். அந்த விவாதங்களிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

சிவில் உரிமை என்பது யாது?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். சிவில் உரிமை அல்லது குடியியல் உரிமை என்பது பெரும்பாலும் அரசு தன் குடிமக்களுக்குச் செய்யக்கூடாதவற்றைப் பற்றியது. காரணம் கூறாமல் ஒருவரைக் கைது செய்யக்கூடாது. நீதிமன்றத்தில் நிறுத்தாமல் அடைத்து வைக்கக்கூடாது. சித்திரவதை செய்யக்கூடாது. பேசியதற்காக, எழுதியதற்காக, கூடியதற்காகத் தண்டிக்கக்கூடாது. சுருங்கக் கூறின், அதிகாரத்துக்கு இடப்பட்ட வேலி எனலாம்.

ஒரு கட்சிக்கும் ஓர் உரிமைச் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடும் இதிலேயே இருக்கிறது. கட்சி அதிகாரத்தைப் பெற முயல்கிறது. உரிமைச் சங்கமோ, அதிகாரத்தில் யார் இருந்தாலும் அவர் வேலியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறது. கேட்பதற்கு இது இலகுவாகத் தோன்றலாம். நடைமுறையில் எவ்வளவு கடினமானது என்பதை இனிப் பார்ப்போம்.

1936இல் ஒரு முயற்சி

இந்தியாவில் இத்தகைய அமைப்பொன்று 1976இல்தான் முதன்முதலாகத் தோன்றியது என்று கூற முடியாது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலேயே, 1936ஆம் ஆண்டில், ஜவஹர்லால் நேருவின் முயற்சியால் இந்திய சிவில் உரிமை ஒன்றியம் பம்பாயில் அமைக்கப்பட்டது. கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் அதன் கௌரவத் தலைவர். சரோஜினி நாயுடு செயற்தலைவர். அந்நிய அரசு தேசபக்தர்களை விசாரணையின்றிச் சிறையிலிட்டதையும் பத்திரிகைகளை ஒடுக்கியதையும் எதிர்ப்பதே அதன் வேலை.

ஆனால் அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1937இல் பல மாகாணங்களில் காங்கிரஸ் கட்சி பதவியேற்றது. சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை பாடசாலைகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியபோது, 1938இல் தமிழர் மத்தியில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மறியல் செய்தவர்களை அடக்க அந்த அரசு பயன்படுத்திய குற்றவியல் திருத்தச் சட்டம், பிரித்தானியர் கையில் இருந்த காலத்தில் காங்கிரஸ்காரரே கடுமையாகக் கண்டித்த சட்டமாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நேற்று சிறையில் இருந்தவர்கள் இன்று அதே சிறையின் திறப்பைக் கையில் எடுத்தார்கள். 1947இல் நாடு சுதந்திரம் பெற்றபின் அந்த ஒன்றியம் மெல்ல மெல்ல மறைந்து போயிற்று. நம்மவர் ஆட்சியில் உரிமைச் சங்கம் எதற்கு என்ற எண்ணமே அதை மறையச் செய்தது எனலாம்.

இருட்டில் பிறந்த கழகம்

1975 யூன் 25ஆம் திகதி இரவு இந்தியாவில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. விடியுமுன் எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதாகினர். பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. அவசரகாலத்தில் சிறைப்பட்டோர் 1,10,806 பேர் என ஷா ஆணைக்குழு பின்னர் கணக்கிட்டது.

கைதானவர்களின் குடும்பத்தினர் நீதிமன்றங்களை நாடினர். பல மாநிலங்களின் மேல் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்றுக்கொண்டன. ஆனால் 1976 ஏப்ரல் 28ஆம் திகதி இந்தியாவின் அதியுயர் நீதிமன்றமாகிய உச்ச நீதிமன்றம், அவசரகாலத்தில் அவ்வாறு மனுச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை எனத் தீர்ப்பளித்தது. ஐந்து நீதியரசர்களில் நால்வர் இவ்வாறு கூற, எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்துத் தீர்ப்பு எழுதினார். பிரதம நீதியரசர் பதவி மூப்பின்படி அவருக்கு வரவேண்டியிருந்தும் 1977இல் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் பதவி விலகினார். நால்வரின் தீர்ப்புத் தவறானது என்று உச்ச நீதிமன்றமே 2017இல் அறிவித்தது. நாற்பத்தொரு ஆண்டுகள் சென்றபின் வந்த அந்த அறிவிப்பு, அன்று சிறையில் வாடியவர்களுக்கு எந்த வகையில் உதவியிருக்கும்?

நீதிமன்றத்தின் கதவும் அடைபட்ட அந்த ஆண்டிலேதான் கழகம் பிறந்தது. அதற்கு வழிகாட்டியவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். சுதந்திரப் போராட்ட வீரர்; சோசலிசவாதி; பின்னர் வினோபா பாவேயின் சர்வோதய இயக்கத்தில் கிராமம் கிராமமாக நடந்தவர். அவசரகாலத்தின் முதல் இரவிலேயே கைதான அவர், சிறுநீரகங்கள் பழுதடைந்த நிலையில் 1975 நவம்பரில் விடுவிக்கப்பட்டிருந்தார். 1976 ஒக்டோபர் 17ஆம் திகதி புதுடில்லியில் நடைபெற்ற கருத்தரங்கை மூத்த காந்தியவாதியான ஆச்சார்ய கிருபளானி தொடக்கி வைத்தார். சிவில் உரிமைகளுக்கும் ஜனநாயக உரிமைகளுக்குமான மக்கள் ஒன்றியம் அங்கு உதயமாயிற்று. பம்பாய் மேல் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் வி. எம். தார்க்குண்டே தலைவராகவும், பிற்காலத்தில் இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவரான கிருஷ்ண காந்த் பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். எந்தக் கட்சிக் கொள்கையையும் சாராமல், பல கருத்துடையோரும் உரிமைகளுக்காக மட்டும் ஒன்றுகூடும் மேடையாக அது இருக்க வேண்டும் என்பது ஜெயப்பிரகாஷின் விருப்பம்.

பிறப்பைப் பற்றிய வாதம்

இந்தத் தோற்றத்தைப் பற்றி மூன்று விதமான கருத்துகள் உண்டு.

முதலாவது, இது எதிர்க்கட்சிகளின் கருவியாகவே பிறந்தது என்பது. இக்கருத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அரசுக்கெதிராகப் பேரியக்கம் நடத்திய ஜெயப்பிரகாஷே இதற்கும் வித்திட்டார். அதில் சேர்ந்தவர்களுள் அடுத்த தேர்தலில் போட்டியிட்டவர்களும் இருந்தனர்.

இரண்டாவது, இது கட்சி கடந்த மனச்சாட்சியின் குரல் என்பது. இதிலும் உண்மை உண்டு. சர்வோதயத் தொண்டர், சோசலிசவாதி, வலதுசாரி, சட்டத்தரணி, பத்திரிகையாளர் எனப் பலரும் அங்கு ஒரே பாயில் அமர்ந்தனர்.

மூன்றாவது கருத்து இடதுசாரிகளுடையது. உரிமை இயக்கம் 1976இல் தோன்றவில்லை என்கிறார்கள் இவர்கள். மேற்கு வங்காளத்தில் 1972லேயே ஜனநாயக உரிமைப் பாதுகாப்புச் சங்கம் அமைந்துவிட்டது. 1974இல் ஆந்திரப் பிரதேசத்தில் சிவில் உரிமைக் குழு தோன்றிவிட்டது. நக்சலைட் என்ற பெயரால் ஏழை விவசாயிகளும் மலைவாழ் மக்களும் மாணவர்களும் சுடப்பட்டபோது படித்த வகுப்பினர் பெரும்பாலும் வாய்திறக்கவில்லை. தலைவர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் சிறை சென்ற பின்னரே உரிமையின் அருமை நாட்டுக்கு விளங்கியது என்பது இவர்களது குற்றச்சாட்டு. கசப்பானதாயினும் மறுக்க முடியாத கூற்று இது. அடி தம் முதுகில் விழும்வரை வலியை உணராதிருப்பது எல்லாச் சமூகங்களிலும் காணப்படும் குறையே.

இம்மூன்றில் எது சரி? மூன்றும் ஓரளவு சரியானவையே. ஆற்றுக்கு ஊற்று ஒன்றல்ல. ஆகவே பிறப்பை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வர இயலாது. பிறந்தபின் அது என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நண்பர்கள் ஆட்சிக்கு வந்தபோது

1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. இந்திரா காந்தி தோல்வியுற்றார். ஜனதா கட்சி ஆட்சி அமைத்தது. சிறையிலிருந்தோர் பாராளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமாயினர். ஒன்றியமோ உறங்கிப் போயிற்று! 1936இல் அமைந்த ஒன்றியத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. பகைவரின் அடக்குமுறையில் பிறந்து வளர்ந்த அமைப்பு நண்பர்களின் வெற்றியில் செயலிழந்தது. டில்லி போன்ற சில இடங்களில் மட்டுமே கிளைகள் இயங்கின.

எனினும் அந்த உறக்க காலத்திலும் ஒரு குறிப்பிடத்தக்க பணி நடைபெற்றது. அவசரகாலத்தின்போது ஆந்திராவில் நக்சலைட்டுகள் பலர் பொலிசாருடன் மோதலில் கொல்லப்பட்டனர் என அறிவிக்கப்பட்டிருந்தது. ஜெயப்பிரகாஷின் ஏற்பாட்டில் தார்க்குண்டே தலைமையிலான குழு 1977இல் அவ்விடங்களுக்குச் சென்று விசாரித்தது. பல சம்பவங்களில் மோதல் எதுவும் நடக்கவில்லை என்றும், முன்னரே பிடிக்கப்பட்ட இளைஞர்கள் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சுடப்பட்டனர் என்றும் குழு அறிவித்தது. குழுவின் செயலாளர் கே. ஜி. கண்ணபிரான், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஹைதராபாத்தில் தொழில் புரிந்த சட்டத்தரணி. பிற்காலத்தில் அவரே கழகத்தின் தேசியத் தலைவராகவும் விளங்கினார்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜெயப்பிரகாஷும் தார்க்குண்டேயும் ஆயுதப் புரட்சியை ஏற்றவர்கள் அல்லர். இறந்தவர்களின் கொள்கை வேறு, இவர்களது கொள்கை வேறு. அப்படியிருந்தும் அவர்களது மரணத்தின் உண்மையைத் தேடிச் சென்றனர். நமக்கு வேண்டியவனுக்காகப் பேசுவது உறவு. நமக்கு வேண்டாதவனுக்கும் நியாயம் கேட்பதே உரிமைப் பணி.

1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டிலேயே விசாரணையின்றித் தடுத்து வைக்க இடமளிக்கும் தேசிய பாதுகாப்புச் சட்டமும் வந்தது. உறங்கியவர்கள் விழித்துக்கொண்டனர். 1980 நவம்பரில் நடைபெற்ற மாநாட்டில் அமைப்பு விதிகள் வகுக்கப்பட்டு, அங்கத்தவர்களைக் கொண்ட நிரந்தரக் கழகமாக அது மாற்றியமைக்கப்பட்டது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற பெயரும் அப்போதே நிலைத்தது.

எந்த உரிமை? ஒரு பிரிவு

பெயர் மாற்றத்தில் ஜனநாயக உரிமை என்ற சொல் நீங்கியது. இது வெறும் சொல் விவகாரம் அன்று. டில்லிக் கிளையைச் சேர்ந்தோர் தனியாகப் பிரிந்து 1981இல் ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் என்ற பெயரில் இயங்கத் தொடங்கினர்.

அரசியலமைப்பில் எழுதப்பட்டுள்ள உரிமைகளை எல்லாருக்கும் பாதுகாத்துக் கொடுப்பதே முதற்பணி என்பது சிவில் உரிமையை வலியுறுத்தியோரின் வாதம். அதற்கப்பால் சென்றால் ஒவ்வொருவரும் தத்தம் அரசியலைக் கொண்டுவருவார்கள். பொது மேடை உடைந்துவிடும் என அவர்கள் அஞ்சினர். கூலி கேட்டுச் சங்கம் அமைத்தால் வேலையிலிருந்து நிறுத்தப்படும் தொழிலாளிக்குப் பேச்சுரிமை எழுத்தில் இருந்து என்ன பயன் என்று மற்றவர்கள் கேட்டனர். உரிமையைக் கோரிப் போராடும் உரிமையே முதலாவது உரிமை என்பது அவர்களது வாதம்.

பிரிந்தவர்களின் வாதத்துக்கு வலுவூட்டியது 1982ஆம் ஆண்டின் வழக்கொன்று. அவ்வாண்டு டில்லியில் நடைபெறவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மைதானங்களும் பாலங்களும் கட்டப்பட்டன. வேலை செய்தவர்கள் வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகள். குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபா 25 சதமாக இருந்தும், ஆட்களைக் கொண்டுவந்த கங்காணிமார் ஆளுக்கு ஒரு ரூபாவைக் கழித்துக்கொண்டனர். பெண்களுக்கு 7 ரூபாவே கிடைத்தது. ஜனநாயக உரிமை ஒன்றியம் இதை விசாரித்து நீதியரசர் பகவதிக்குக் கடிதம் எழுதியது. உச்ச நீதிமன்றம் கடிதத்தையே மனுவாக ஏற்று, குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே எனத் தீர்ப்பளித்தது. பசியின் நிர்ப்பந்தமும் ஒரு விலங்குதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தோட்டங்களிலும் வாடிகளிலும் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் நம் மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிரிந்தபோதும் இரு அமைப்புகளும் பகையாகவில்லை. 1984 ஒக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொலையுண்டபின் டில்லியில் சீக்கியர்கள் மீது கொடூரமான தாக்குதல் நடந்தது. தலைநகரில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசு நியமித்த குழு பின்னர் தெரிவித்தது. இரு அமைப்புகளும் சேர்ந்து அகதி முகாம்களில் சாட்சியங்களைச் சேகரித்து, அடுத்த மாதமே சிறுநூலொன்றை வெளியிட்டன. இது மக்களின் தன்னியல்பான கோபம் அல்ல, ஒழுங்குபடுத்தப்பட்ட வன்செயல் என்று கூறி, சாட்சிகள் குறிப்பிட்ட அரசியல்வாதிகளின் பெயர்களையும் அதில் வெளியிட்டன. தேசத்துரோகிகள் என்ற வசை அவர்களுக்குக் கிடைத்தது. 1983 யூலையைக் கண்ட நமக்கு, அத்தகைய நேரத்தில் சாட்சியம் எழுதி வைப்பவரின் அருமை விளங்கும்.

எந்தக் கை செய்தாலும் குற்றம் குற்றமா?

இன்னொரு விவாதம் இதைவிட வேதனையானது. ஆந்திர சிவில் உரிமைக் குழு பொலிசாரின் மோதல் கொலைகளை வெளிக்கொணர்ந்து பெரும் விலை கொடுத்தது. அதன் துணைத் தலைவரும் வாரங்கலில் ஏழைப் பிள்ளைகளின் வைத்தியருமான டொக்டர் இராமநாதம் 1985 செப்டெம்பர் 3ஆம் திகதி தமது வைத்திய நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் பொலிஸ் அதிகாரி ஒருவரின் இறுதி ஊர்வலத்திலிருந்து வந்தவர்கள்.

இதே குழுவில்தான், நக்சலைட்டுகள் செய்யும் கொலைகளைப் பற்றி நாம் என்ன சொல்வது என்ற கேள்வி எழுந்தது. அரசு சட்டத்தின்மேல் சத்தியம் செய்து அதிகாரம் பெற்றது, வரி வாங்குகிறது, ஆகவே கணக்குக் கேட்க வேண்டியது அரசிடமே என்றனர் சிலர். ஆயுதக் குழுவைத் தண்டிக்கச் சட்டமும் சிறையும் ஏற்கெனவே இருக்கின்றன. நாமும் அவர்களைக் கண்டித்தால் பொலிசின் ஒரு கிளையாகிவிடுவோம் என்றும் எச்சரித்தனர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

மறுபக்கத்தில் நின்றவர் கே. பாலகோபால். கணிதப் பேராசிரியராக இருந்து உரிமைப் பணிக்கு வந்தவர். 1983 முதல் பதினைந்து ஆண்டுகள் குழுவின் பொதுச் செயலாளர். துப்பறிவாளன் என்ற பெயரில் கொல்லப்படும் கிராமத்தவனும் ஏழைதான், மக்களுக்காகப் போராடுவதாகக் கூறுவோர் அம்மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தாம் என்பது அவரது நிலைப்பாட்டின் சாரம். பல ஆண்டு விவாதத்தின்பின் 1998இல் அவரும் சிலரும் வெளியேறி மனித உரிமை மன்றம் என்ற புதிய அமைப்பைத் தொடங்கினர். அதன்பின்னும் அரசின் கொலைகளை எதிர்ப்பதில் அவர் சற்றும் தளரவில்லை. 2009இல் மறையும்வரை நீதிமன்றத்திலும் கிராமங்களிலும் உழைத்தார்.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு, இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என எவர் செய்த மீறலையும் எழுதத் துணிந்தது. அதன் நிறுவுனர்களில் ஒருவரான வைத்திய கலாநிதி ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாப் பக்கத்தையும் பார்த்துப் பேசுபவருக்கு எந்தப் பக்கத்திலும் பாதுகாப்பில்லை என்பதை நம் மண் நன்கறியும்.

சிறை சென்ற வைத்தியர்

மக்கள் சிவில் உரிமைக் கழகத்துக்கே திரும்புவோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற குழந்தை வைத்தியர் பினாயக் சென், சத்தீஸ்கர் மாநிலத்தின் சுரங்கத் தொழிலாளர் மத்தியிலும் மலைவாழ் மக்கள் மத்தியிலும் பல ஆண்டுகள் பணி செய்தவர். கழகத்தின் தேசியத் துணைத் தலைவராகவும் இருந்தார். 2005இல் மாவோவாதிகளுக்கெதிராக அரசின் ஆதரவுடன் கிராமத்தவர்களைத் திரட்டி சல்வா ஜூடும் என்ற படை உருவாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். கழகம் இதை விசாரித்து வெளியிட்டது. 2007 மே 14இல் டொக்டர் சென் கைதானார். சிறையிலிருந்த மாவோவாதி ஒருவரின் கடிதங்களை வெளியே கொண்டு சென்றார் என்பது குற்றச்சாட்டு. சிறை அதிகாரிகளின் அனுமதியுடனேயே அக்கைதியைச் சந்தித்ததாக அவர் தரப்புக் கூறியது. 2010 டிசெம்பர் 24இல் ராய்ப்பூர் நீதிமன்றம் இராஜத்துரோகத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது. அதே ஆண்டு யூலையில், வேறொரு வழக்கில், சல்வா ஜூடும் சட்டவிரோதமானது என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கைதியைச் சந்தித்தவன் கைதியின் கூட்டாளி என்ற சந்தேகம் உரிமைப் பணியாளரை விடாமல் தொடர்கிறது. கைதியைச் சந்திப்பதே அவர்களது பணி என்பதை மக்கள் விளங்கிக்கொண்டால் அச்சந்தேகத்தின் வலு குறையும்.

சோறும் சுதந்திரமும்

இறுதியாக, கிராம அபிவிருத்தியில் ஈடுபடும் நமக்கு மிக நெருக்கமான ஒரு வரலாறு. 2001இல் ராஜஸ்தான் மாநிலம் வரட்சியால் வாடியது. மக்கள் பட்டினி கிடந்தனர். அவ்வேளையில் மத்திய அரசின் உணவுக் களஞ்சியங்களில் நான்கு கோடி தொன்னுக்கும் மேற்பட்ட தானியம் குவிந்து கிடந்தது. சிவில் உரிமைக் கழகத்தின் ராஜஸ்தான் கிளை அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை உயிர்வாழும் உரிமையைப் பாதுகாக்கிறது. உணவின்றி உயிர் ஏது என்பதே அதன் வாதம்.

2001 நவம்பர் 28ஆம் திகதி நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளிலும் அரச உதவி பெறும் ஆரம்பப் பாடசாலைகளிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த மதிய உணவு கொடுக்கப்பட வேண்டும். குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் அதில் இருக்க வேண்டும். ஆண்டில் 200 நாட்களாவது கொடுக்க வேண்டும் எனப்பட்டது. தமிழ்நாட்டில் காமராஜர் காலத்திலிருந்தே மதிய உணவுத் திட்டம் இருந்தது. பல வட மாநிலங்களில் பிள்ளைகளுக்கு உலர் தானியமே, அதுவும் ஒழுங்கின்றிக் கொடுக்கப்பட்டு வந்தது. கட்டளையின்பின் படிப்படியாக அங்கெல்லாம் பாடசாலை அடுப்புகள் எரியத் தொடங்கின. 2013இல் இந்தியப் பாராளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றுவதற்கும் இவ்வழக்கு வழிகோலியது.

இங்கே 1981இன் விவாதத்தை நினைவுகூர்வோம். சிறைப்பட்ட தலைவர்களின் விடுதலைக்காகப் பிறந்த கழகம், கால் நூற்றாண்டின் பின் ஏழைப் பிள்ளையின் மதியச் சோற்றுக்காக வழக்காடியது. கைவிலங்குக்கெதிராக வாதிட்ட அதே உயிர்வாழும் உரிமையை வெறுவயிற்றுக்கெதிராகவும் எடுத்து வாதிட்டது. முதலில் வயிறு நிறையட்டும், உரிமையைப் பிறகு பார்ப்போம் என்று அபிவிருத்திப் பணியாளர் சிலர் கூறுவதுண்டு. கேட்கும் உரிமை இல்லாத இடத்தில் களஞ்சியம் நிறைந்திருந்தும் வயிறு நிறையவில்லை என்பதை ராஜஸ்தான் காட்டுகிறது.

நாம் எதைக் கொண்டு மதிப்பிடலாம்?

நம் நாட்டிலும் 1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடுத்து, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சிறையிலிருந்த அவ்வாண்டிலேயே, குடியியல் உரிமைகள் இயக்கம் கொழும்பில் தோன்றியது. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அதன் தலைவராகப் பணியாற்றினார். காணாமற்போனோரைத் தேடும் தாய்மாரின் சங்கங்களும், காணியுரிமைக் குழுக்களும், கைதிகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகளும் பின்னர் பல ஊர்களில் தோன்றின. அவற்றைப் பற்றியும் அதே கேள்விகள் கேட்கப்படுகின்றன.

இந்திய அனுபவத்திலிருந்து சில அளவுகோல்களைப் பெறலாம். தனக்கு வேண்டியவர்கள் பதவிக்கு வந்தபோது சங்கம் விழித்திருந்ததா? தனக்கு உடன்பாடில்லாதவனுக்கு அநீதி நேர்ந்தபோது பேசியதா? மீறல் எந்தக் கையால் நடந்தாலும் எழுதி வைத்ததா? எழுதுமுன் ஊருக்குச் சென்று விசாரித்ததா? அதன் பணப்பை யார் கையில் இருக்கிறது? மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்நாட்டு நிறுவனத்திடமோ வெளிநாட்டு நிறுவனத்திடமோ நிதியுதவி பெறுவதில்லை. அங்கத்தவரின் சந்தாவையும் நன்கொடையையும் கொண்டே இயங்குகிறது. எல்லாச் சங்கங்களும் அவ்வாறு இயங்க முடியாதிருக்கலாம். ஆனால் கணக்கை மக்கள் முன் வைக்க எல்லாச் சங்கங்களாலும் முடியும்.

இந்த அளவுகோல்களால் அளந்தால் மக்கள் சிவில் உரிமைக் கழகமும் எல்லா வேளையிலும் தேறிவிடவில்லை. 1977இல் உறங்கியது, பிரிவுகளைக் கண்டது. ஆயினும் விழுந்த இடத்திலிருந்து எழுந்து, பிறந்தபோது நினைத்திராத ஏழையின் வாசலுக்கும் சென்றது. பிறப்பிலே குறையில்லாத சங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தால் நம் ஊரில் ஒருபோதும் ஒரு சங்கம் உருவாகாது. இருக்கும் சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்று மேற்கூறிய கேள்விகளைக் கேட்பதே நாம் செய்யக்கூடியது. பதில் திருப்தியானால் அங்கத்தவராகலாம். திருப்தியில்லையேல் மீண்டும் கேட்கலாம். அப்படிக் கேட்பதும் ஒரு குடியியல் உரிமைதான்.

குழுவாகக் கலந்துரையாட:

1. நமது பிரதேசத்தில் உரிமைகளுக்காகப் பேசும் அமைப்புகள் எவை? அவை யாருக்காகப் பேசின, யாருக்காகப் பேசத் தவறின?

2. நாம் விரும்பாத ஒருவர் நியாயமின்றிக் கைதானால் நமது சங்கம் என்ன செய்யும்?

3. கூலி, காணி, உணவு ஆகியவற்றைக் கேட்க நமக்குத் தடையாக இருப்பது வறுமையா, பயமா?